குண்டான் லென்சும் மாசி மகத்து நிலாவும்

மோகனப்பிரியா நிலாவைப் படமெடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும், நிலாவைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது வினோதினியின் கட்சி. அண்ணி என்கிற முறைக்காகச் சொல்கிற பேச்சு இல்லை இது. அண்ணன் அருண்பாண்டியனுக்கு அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததே இவள்தான்.

வினோதினிக்குச் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். வேலையில் சேர்ந்த புதிதில் அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமென்று மேலவீதியில் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்றது ஒரு பெண். எடுத்து முடித்து, கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி, வினோதினியின் மேலுதட்டிலிருந்து மூக்குவரை ஓடுகிற தழும்பைக் காட்டி, "இது இருக்கட்டுங்களா, எடுத்துடவா?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து வினோதினியை எத்தனையோ பேர் படமெடுத்திருக்கிறார்கள். ஒருத்தரும் கேட்டதில்லை. அவர்களாகவே உதட்டைத் தேய்த்து, பூசி, மெழுகி, யாரோ ஒருத்தியின் வாயை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு இவள் நன்றி வேறு சொல்ல வேண்டும் என்று முகத்தைப் பார்ப்பார்கள். "இருக்கட்டும்" என்றாள் வினோதினி. சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளியே வந்தவள் திரும்பவும் உள்ளே போய், "நீங்க எந்த ஊருங்க?" என்று விசாரித்தாள். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடலோரச் சனம், சிதம்பரம் வந்து தங்கிவிட்ட குடும்பம். இன்னும் கொஞ்சம் துருவினால் தூரத்துச் சொந்தம். அப்புறம் என்ன, பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான்.

கல்யாணமாகி வந்தபோது பிரியா பீரோ, கட்டில் எல்லாவற்றோடும் ஒரு காக்கிப் பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை மட்டும் யார் கையிலும் கொடுக்கவில்லை. உள்ளே இருந்தது ஒரு லென்ஸ். எவனோ ரஷ்யாக்காரன் செய்தது, இரண்டாம் கையாக வாங்கியது. கறுப்பாக, குட்டையாக, வாய் அகலமாக, பார்க்க இரண்டு படி அரிசி வேகிற குண்டான் மாதிரியே இருந்தது. அருண்பாண்டியன் அன்றைக்கே அதற்குக் குண்டான் என்று பெயர் வைத்துவிட்டான். வீட்டில் இன்றுவரை அதுதான் பெயர்.

இவ்வளவு குட்டையாக இருந்துகொண்டு அது ஆயிரம் மில்லிமீட்டர் லென்ஸ் என்று சொல்லிக்கொண்டது. அத்தனை தூரம் பார்க்கிற சாதாரண லென்ஸ் என்றால் ஆள் கை நீளத்துக்குப் போகும். இதில் உள்ளே கண்ணாடி வைத்திருந்தார்கள், முகம் பார்க்கிற கண்ணாடி ஜாதி. முன்பக்கம் நுழைகிற வெளிச்சம் பின்னாலிருக்கும் பெரிய கண்ணாடியில் பட்டு, திரும்பி வந்து முன்னாலிருக்கும் சின்னக் கண்ணாடியில் பட்டு, மறுபடி பின்னால் போய் நடுவிலிருக்கும் ஓட்டை வழியாகக் கேமராவுக்குள் விழும். நீளமான பாதையை மடித்து மடித்துக் குண்டானுக்குள் வைத்த மாதிரி. நடுவில் அந்தச் சின்னக் கண்ணாடி மறைத்துக்கொண்டு நிற்பதால், படத்தில் பின்னால் தெரிகிற விளக்குகளெல்லாம் நடுவில் ஓட்டையோடு வட்ட வட்டமாக விழும். அருண்பாண்டியன் ஆசைப்பட்டு அதைக் கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோய் நாலு படம் எடுத்தான். சாமிக்குப் பின்னால் ஊரிலுள்ள உளுந்துவடையெல்லாம் பறந்துகொண்டிருந்தது. அதோடு குண்டானைத் தொடுவதை அவன் விட்டுவிட்டான்.

பிரியா கையில் அது வேறு பொருள். அதற்குத் தானாக ஃபோகஸ் செய்யத் தெரியாது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரியாது, மூச்சு பட்டால் படம் ஆடும். இத்தனை வீம்பு பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு அவள் நிலாவில் குழி குழியாக எண்ணுகிற மாதிரிப் படமெடுத்தாள். ஃபோகஸ் வளையத்தை அவள் விரல் நுனியால் திருப்புகிறபோது வளையம் நகர்ந்ததா இல்லையா என்றே வினோதினிக்குத் தெரியாது. எக்ஸ்ரே அறையில் "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள், அண்ணி பக்கத்தில் நிற்கும்போது தானாகவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

சிதம்பரம் கோபுரத்துக்கும் நிலாவுக்கும் அவள் பட்ட பாடு தனிக்கதை. நிலா பெரிதாகவும் கோபுரம் அதற்குள் அடங்கியும் தெரிய வேண்டுமென்றால் கோபுரத்தை விட்டு வெகுதூரம் போய் நிற்க வேண்டுமாம். வினோதினியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே வயல்வெளியில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி, வரப்பு வரப்பாக நகர்ந்து நின்று பார்த்தாள். ஒரு மாதம் நிலா கோபுரத்துக்கு இடதுபக்கம் நழுவியது, ஒரு மாதம் வலதுபக்கம், ஒரு மாதம் மேகம். முக்காலியும் குண்டானுமாக நின்ற இரண்டு பெண்களைப் பார்த்துவிட்டு ஒரு விவசாயி ஓடிவந்து, "பைபாஸு எங்க நெலத்து வழியா வருதாம்மா?" என்று பதறிப்போய்க் கேட்டார். பிரியா அவரைக் கூப்பிட்டு லென்ஸில் பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்துவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் கலசங்களெல்லாம் நிலாவுக்குள் வரிசையாக நிற்க, ஒரு படம் வந்தது. அந்தப் படம் இப்போது தேவனாம்பட்டினம் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு மேலே தொங்குகிறது. அங்கே மாட்டியது மாமியார் அமராவதி. மருமகளிடம் ஒரு வார்த்தை பாராட்டிப் பேசாதவள், ஏணி போட்டு ஏறி ஆணி அடித்து மாட்டினாள்.

இப்படிப்பட்ட பிரியா ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது இந்த மாசி மகத்துக்கு. மகத்தன்று சாயங்காலம் சந்திர கிரகணம். நிலா கடலை விட்டு எழும்பும்போதே கிரகணத்தோடு எழும்பும். கடிபட்ட நிலா, கீழே கடல், பொழுது சாய்ந்தும் சாயாத வெளிச்சம். அரைமணி நேரத்தில் கிரகணம் விட்டுவிடும். "இந்த மாதிரி நம்ம கடல்ல, நம்ம வூட்டு மாடியிலேருந்து, இன்னொரு தடவ எப்ப வருமோ வினோ" என்று அவள் சொல்லாத நாளில்லை.

அதற்குள் அவளுக்கு ஆறாம் மாதம் ஆகிவிட்டது.

இனி அமராவதியைப் பற்றிச் சொல்லாமல் தீராது. அந்தத் தெருவில் மாசமாக இருக்கிற எந்தப் பெண்ணிடமும், கிரகணம் வருகிறது என்றால், எதிர்வீட்டுக் குப்பு போய்ச் சொல்லிவிட்டு வருவாள்: "உள்ளயே இரு. அமராவதி மாதிரி பண்ணிடாத." வினோதினி வயிற்றில் இருந்தபோது அமராவதி ஒரு சாயங்காலம் சந்திர கிரகண நேரத்தில் மீன் கூடையோடு தெருவில் திரிந்தாள், அதனால்தான் குழந்தை உதடு பிளந்து பிறந்தது என்பது ஊரறிந்த விஷயம். அமராவதியே தன் வாயால் சொன்னது, வேறு சாட்சி எதற்கு? பிறகு ஆஸ்பத்திரியில் தைத்துச் சரிசெய்தார்கள், பேச்சும் நன்றாக வந்தது, தழும்பு மட்டும் நின்றது. ஊர் வாய்க்குத் தையல் போட யாரும் இல்லை. அமராவதி மறுத்துப் பேசியதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவில் வரவேற்க நிற்கும் பெண்கள் வரிசையிலிருந்து வினோதினியைப் பின்னால் தள்ளிய அன்று அவள் வீட்டுக்கு வந்து, "எல்லாம் உன்னாலதான்! ஒருநாள் மீன் விக்காம இருந்தா இன்னா?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். அமராவதி சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள்.

ஆகவே கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்பு பிரியா மெல்லப் பேச்சை எடுத்தபோது, வினோதினி அம்மா முகத்தைத்தான் பார்த்தாள்.

"அத்தை, நான் நேரா பாக்க மாட்டேன். இந்த லென்ஸ்ல எல்லாமே கண்ணாடிதான். நீங்க தாம்பாளத்துல மஞ்சத் தண்ணி ஊத்தி அதுல சூரிய கிரகணம் பாப்பீங்கல்ல, அந்த மாதிரிதான் இதும். கண்ணாடியில பட்டு, இன்னொரு கண்ணாடியில பட்டு..."

"எத்தினி கண்ணாடியில பட்டா இன்னா, உன் கண்ணுலதான வந்து வுழுது?" என்றாள் அமராவதி, மீனின் செதிலை உரித்துக்கொண்டே. "வாணாம்னா வாணாம். மாடிப் பக்கமே போவக் கூடாது."

"டாக்டரே ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாங்க அத்தை."

"டாக்டரா வந்து இந்தத் தெருவுல குடியிருக்கப் போறாங்க?"

பிரியா அழுகிற பெண் இல்லை. ஆனால் அன்று ராத்திரி அந்தக் காக்கிப் பையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதைப் பார்த்த வினோதினிக்குத்தான் அழுகை வந்தது. தன்னுடைய உதடு இன்னொருத்தி ஆசைக்கு நடுவில் வந்து நிற்கிறதே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம். ராத்திரியே அம்மாவிடம் போய் நின்றாள்.

"அண்ணி உள்ளயே இருக்கட்டும். மாடியில கேமராவ நான் புடிக்கறேன். படம் வைஃபையில அண்ணி கையில இருக்கற டேப்ல தெரியும். கீழேருந்தே பட்டன தட்டிக்குவாங்க. டிவில காட்டுற மாதிரிதான். அதுக்கும் வாணாம்னுவியா?"

அமராவதி யோசித்தாள். "டிவில பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாளுவ" என்றாள். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று வினோதினி அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. சம்மதம் கிடைத்த சந்தோஷத்தில் ஓடிவிட்டாள்.

மகத்தன்று காலையிலேயே சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி முடித்துக்கொண்டு திரும்பிவிட்டன. கிரகணத்துக்காகக் கோயில் நடை சாத்தியாயிற்று. அருண்பாண்டியனுக்குக் கம்பெனியில் ஷிப்ட். அப்பா சின்னையன் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. வீட்டில் மூன்று பெண்கள்தான். வெயில் சாய்ந்ததும் பிரியா குண்டானைப் பையிலிருந்து எடுத்து வினோதினியிடம் கொடுத்தாள். கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி, இவள் பிடித்துக்கொண்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

"இப்பவே மேல கொண்டுபோயி நெழல்ல வெச்சுடு. உள்ள இருக்கற காத்தும் வெளிய இருக்கற காத்தும் ஒரே சூட்டுக்கு வரணும். இல்லன்னா நிலா தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி நெளியும். சூடு மட்டும் ஏறிடக் கூடாது."

வினோதினி முக்காலியை நிறுத்தி, லென்ஸைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். சூடு ஏறக்கூடாது என்கிற கடைசி வார்த்தை அமராவதியின் காதிலும் விழுந்திருந்தது. சூடு ஏறக்கூடாத பொருளை எப்படிக் காப்பாற்றுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது வருஷமாக மீனை அப்படித்தானே காப்பாற்றுகிறாள்? ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குண்டானை வாயோடு சேர்த்து நன்றாகப் போர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

நிலா எழும்புகிற நேரத்துக்கு வினோதினி மாடிக்குப் போனபோது லென்ஸ் பந்திக்குத் தயாரான இட்லிப் பானை மாதிரி ஈரச் சாக்குக்குள் உட்கார்ந்திருந்தது. சாக்கை விலக்கினால் முன்கண்ணாடி முழுக்க ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. போனில் ஸ்பீக்கரைப் போட்டு, "அண்ணி! கண்ணாடி பூத்துடுச்சி!" என்று அலறினாள்.

கீழே கதவும் ஜன்னலும் சாத்திய அறையிலிருந்து பிரியாவின் குரல் நிதானமாக வந்தது. "துணி வெச்சுத் தொடைச்சுடாத வினோ. கோடு வுழுந்துடும். காத்து மட்டும் படட்டும். விசிறு."

அமராவதி என்ன சத்தம் என்று மேலே ஏறிவந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஓடிப்போய் முறத்தை எடுத்துவந்து லென்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள். "மீனாட்டம்னு நெனச்சுட்டன்டி... மீனாட்டம்னு நெனச்சுட்டன்" என்று விசிறலுக்கு ஒரு தடவை சொன்னாள்.

அப்போது கடலுக்குமேலே, சவுக்குமர நுனிகளுக்கு அந்தப்பக்கம், மங்கலான புகைக்குள்ளிருந்து நிலா வந்தது. மேல்பக்கம் பெரிதாகக் கடிபட்டு, செம்பட்டை நிறத்தில், சத்தமே இல்லாமல் வந்தது. குண்டான் வாயில் இன்னும் ஓரத்தில் பூப்பு இருந்தது. நல்லவேளை, நடுவில் தெளிந்துவிட்டது. தூக்கிக் கேமராவில் மாட்டி, முக்காலியில் ஏற்றி, நிலா இருக்கிற பக்கம் திருப்பினாள். திரையில் ஒன்றுமே இல்லை. ஆயிரம் மில்லிமீட்டரில் வானம் ஊசித்துவாரம்தான், நிலா எங்கேயோ நழுவிப்போய் நின்றது.

"கீழ எறக்கு. இன்னும். வலது பக்கம். மெதுவா... மெதுவா... புடிச்சுட்ட!"

பிடித்தாள். அடுத்தது ஃபோகஸ். வளையத்தைத் திருப்பினால் நிலா கலங்கிய முட்டை மஞ்சள் மாதிரி விரிந்தது, சுருங்கியது, ஒரு கணம் விளிம்பு கத்தியாகத் தெரிந்தது, உடனே தாண்டிப்போனது.

"தாண்டிட்ட. திரும்பி வா. இம்மியளவுதான்... அய்யோ, மறுபடி தாண்டிட்ட."

படம் கீழே போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகிறது. பிரியா "நிறுத்து" என்று சொல்வதற்குள் வளையம் அதைக் கடந்துவிடுகிறது. ஃபோகஸைப் பிடிப்பதற்குள் நிலா சட்டத்தைவிட்டு வெளியே நழுவுகிறது. நிலாவைப் பிடிப்பதற்குள் ஃபோகஸ் போகிறது. பிரியா கீழேயிருந்து ஏழெட்டுப் படம் தட்டினாள். ஒன்றும் சரியில்லை என்று அவள் சொல்லவில்லை. "பரவால்ல வினோ, நல்லாதான் வருது" என்றாள். அந்தக் குரலிலேயே வினோதினிக்குத் தெரிந்துவிட்டது. கண்ணெதிரே கடி சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு வருஷம் காத்திருந்தவள் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். காத்திருக்கத் தெரியாத கை இங்கே வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொல்லவும் வழியில்லை. குண்டான் நல்ல குண்டான்தான்.

முறத்தைக் கையில் பிடித்தபடி அமராவதி பக்கத்தில் வந்து நின்றாள். "இதுல எங்கடி தெரியுது?"

"இந்த ஓட்டையில கண்ண வெச்சுப் பாரு. ஆட்டிடாத."

அமராவதி முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பார்த்தவள் எழுந்திருக்கவே இல்லை. கிரகண நிலா முழுசாக அவள் கண்ணுக்குள் நின்றது. கொஞ்சம் கலங்கலாக மேடு பள்ளம் தெரிய, கருக்கலான நிழல் ஒருபக்கம் மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

"அடியாத்தே" என்றாள் மெதுவாக. "இவ்ளோ அழகாவா இருக்கும் இது? மேல மட்டும் லேசா கடிச்சி வெச்சாப்புல... நான் பாத்ததே இல்லியேடி. எம் ஆயுசுக்கும் இதத்தான் மொதத் தடவையா பாக்குறன்."

வினோதினி வளையத்திலிருந்து கையை எடுத்தாள். "இன்னாம்மா சொல்ற? நீதான் பாத்திருக்கியே. நான் வயித்துல இருக்கும்போது. மீன் கூடையோட போனியே."

அமராவதியின் முதுகு அசையவில்லை. கண் ஓட்டையிலேயே இருந்தது. வாய் தவறி வந்துவிட்ட வார்த்தை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்தாள்.

"போவலடி" என்றாள். "எங்கயும் போவல. காத்தாலயே சோறு துன்னுட்டுக் கதவச் சாத்திப் படுத்தவதான். காய் நறுக்கக் கூடாதுன்னாங்க, அருவாமணையத் தொடல. சொறியக் கூடாதுன்னாங்க, சொறியல. தண்ணிகூட குடிக்கல. கட்டையாட்டம் கெடந்தன். அப்பிடிக் கெடந்தும் நீ இப்பிடித்தான் பொறந்த."

"அப்புறம் ஏம்மா போனன்னு சொன்ன?"

"நீ பொறந்த அன்னிக்கு உங்கப்பா வலை மொத்தமும் கடலோட போயிடுச்சி. எங்க மாமியா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கினு, 'இந்த மொகத்துல முழிச்சிட்டுக் கடலுக்குப் போனா மீனா கெடைக்கும்? இந்தப் புள்ள வூட்டுக்கு ஆவாது, யாருக்குனா குடுத்துடு'ன்னுச்சி. கூட இருந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம்னாங்க. நீ என் மடியில தூங்கிக்கினு இருந்த. எனக்கு இன்னா தோணிச்சோ, 'புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க, தப்பு எம்மேல, கிரகணத்துல மீன் விக்கப் போனன்'னு சொல்லிட்டன். அவ்ளோதான். எல்லாரும் என்னத் திட்ட ஆரம்பிச்சிட்டாங்க. உன்ன வுட்டுட்டாங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என்று ஒன்று எந்த இடத்திலும் இல்லை. பழியை மட்டும் ஒருத்தி கேட்டு வாங்கி, மீன் கூடையோடு சேர்த்து இத்தனை வருஷம் தலையில் சுமந்திருக்கிறாள். அந்தப் பழியைத்தான் ஒருநாள் வினோதினியும் அவள் முகத்தில் வீசினாள். அன்றைக்குக்கூட இவள் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மகள் தன் முகத்தையே நொந்துகொள்வாள் என்று சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வினோதினி இதுவரை உலகத்தில் பெரிய ஆள் என்று யார் யாரையோ நினைத்திருக்கிறாள். அத்தனை பேரும் அந்த மாடியில் அமராவதியின் முறத்தடியில் வந்து நின்றார்கள்.

"அப்ப அண்ணிய ஏன் போவாதன்ன?"

"நிலா இன்னாடி பண்ணப் போவுது? எனக்குத் தெரியாதா? நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு மரு இருந்தாகூட அவ மேல போடுவாளுவ. சாவற வரைக்கும் சொல்லுவாளுவ. நானு தாங்கிட்டன். அவளும் எதுக்குத் தாங்கணும்?"

முக்காலிக்குக் கீழே தரையில் கிடந்த போனிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. ஸ்பீக்கரை யாரும் அணைத்திருக்கவில்லை.

"அத்தை..." என்றது போன்.

அமராவதி திடுக்கிட்டுப் போனைப் பார்த்தாள். பிறகு நிலாவைப் பார்த்தாள். கடி இப்போது மேலே நகக்கண் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. முறத்தைக் கீழே போட்டாள்.

"மேல வா பிரியா" என்றாள்.

"அத்தை, இன்னும் கிரகணம் வுடல."

"தெரியும். வுடறதுக்குள்ள வா. இவளுக்கு இந்தக் குண்டானு புடிபடல."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அமராவதி பாதிப் படியில் இறங்கிப் போய் மருமகளைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டு வந்தாள். பிரியா மேலே வந்ததும் முதலில் லென்ஸிடம் போகவில்லை. வெறுங்கண்ணால் கடலுக்குமேலே பார்த்துக்கொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு கேமராவுக்கு வந்தாள். கண்ணை வைத்தாள். வளையத்தின்மேல் இரண்டு விரல். நகர்ந்ததா இல்லையா என்று தெரியாத அந்த நகர்வு. வினோதினி தானாகவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மாடியில் கொடியிலிருந்த துணியை எடுக்க வந்த குப்பு இவர்களைப் பார்த்துவிட்டாள்.

"அடிப் பாவி அமராவதி!" என்று தெருவே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள். "ஒருவாட்டி பட்டது போதாதா உனக்கு? மாசமா இருக்கறவள வெளிய நிக்க வெச்சிருக்கியே!"

பக்கத்து மாடிகளில் ஒன்றிரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அமராவதி வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது வினோதினிக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் கூட்டிவந்தேன், தப்பு என்மேல் என்று சொல்லப்போகிறாள். அவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. வினோதினி முந்திக்கொண்டு கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள்.

"அம்மா ஒண்ணும் பண்ணல சின்னம்மா! நான்தான் அண்ணியக் கூப்டன். எதுனா சொல்லணும்னா என்னச் சொல்லுங்க!" என்று கத்தினாள். அது போதவில்லை. இன்னும் ஓங்கிக் கத்தினாள். "இப்பவும் எங்கம்மா ஒண்ணும் பண்ணல! அன்னிக்கும் ஒண்ணும் பண்ணல!"

குப்பு துணியோடு அப்படியே நின்றாள். அமராவதி திறந்த வாயை மூடவில்லை. சொல்வதற்கு அவளுக்கு எதுவும் மிச்சம் வைக்காமல் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். முந்தானையை எடுத்துக் கண்ணையும் மூக்கையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். பின்னால் கேமரா ஒரு தடவை சத்தம் போட்டது, மறுபடி ஒரு தடவை.

"கத்தாதடி" என்றாள் அமராவதி. "அவ எடுக்கறா இல்ல? படம் ஆடிடப் போவுது."